சமையல் மேடையில் இடம் போதவில்லையா? உடைப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

சென்னை ஃபிளாட்டுகளில் 7-க்கு 8 அடி சமையலறைதான் அதிகம் பார்க்கிறோம். அதில் ‘எல்’ வடிவத்தில் ஒரு மேடை, மேலே கறுப்பு கிரானைட், ஜன்னலுக்குக் கீழே சிங்க். புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் முதலில் எழும் ஆசை, மேடையை இன்னும் நீட்ட வேண்டும் என்பதுதான். நீட்டலாம். ஆனால் காய் நறுக்க, மாவு பிசைய, இறக்கிய குக்கரை வைக்க உண்மையில் வேண்டியது, சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் ஈரமில்லாமல் காலியாகக் கிடக்கும் ஒரே துண்டு இடம். 3 அடி இருந்தால் நல்லது, 2 அடிக்குக் குறையவே கூடாது. அந்த இடம் கிடைக்காவிட்டால் 14 அடிக்குக் கல் போட்டாலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும். எனவே இந்த வழிகாட்டி முழுக்க அந்த 3 அடியைச் சுற்றியே போகிறது.

முதலில் ஒரு கணக்கு

இன்ச் டேப், தாள், பேனா போதும். துடைத்துச் சுத்தமாக வைத்த மேடையை அளக்காதீர்கள். காலையில் சமையல் மும்முரமாக நடக்கும்போது, முன் ஓரத்தை ஒட்டி எந்தப் பொருள் எத்தனை அடியைப் பிடித்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

7-க்கு 8 அடி அறையில் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். நீளச் சுவரில் 8 அடி மேடை. மூலையில் திரும்பி அடுத்த சுவரில் 5 அடி, அதில் ஃபிரிட்ஜ் நிற்க இரண்டரை அடி போய்விட, மிச்சம் இரண்டரை. ஆக மேடை நீளம் மொத்தம் பத்தரை அடி. இதில் அடுப்பு இரண்டரை, சிங்க் 2, பாத்திரம் கவிழ்க்கும் கூடை ஒன்றரை, மிக்ஸி 1, டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றேகால், தண்ணீர் கேன் 1, எண்ணெய்த் தூக்கும் அஞ்சறைப் பெட்டியும் உப்பு ஜாடியும் சேர்ந்து 1. கூட்டினால் பத்தேகால். மிச்சம் கால் அடி, அதாவது 3 அங்குலம். நறுக்குப் பலகை வைக்கக்கூட அது காணாது.

இந்தப் பட்டியலில் அடுப்பும் சிங்க்கும் தவிர வேறெதுவும் மேடைமேல்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்லைத் தொடாமலே மீட்கக்கூடிய இடம் ஐந்தே முக்கால் அடி. அதை மீட்ட பிறகும் போதவில்லை என்றால்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

மேடையிலிருந்து இறக்க வேண்டியவை

கிரைண்டரிலிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ஓடும் சாமான் ஏழு நாளும் ஒன்றேகால் அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேடைக்குக் கீழே சேனல் வைத்த இழுப்புத் தட்டில் வைத்து, வெளியே இழுத்து அங்கேயே ஓட்டலாம் என்று பல கார்பென்டர்கள் சொல்வார்கள். இழுத்து எடுக்க அது சரி. ஓட்ட மட்டும் வேண்டாம்: கல்லோடு சேர்ந்து பத்து கிலோவுக்கு மேல் கனம், அதன்மேல் அரை மணி நேர அதிர்வு. நாளடைவில் சேனலின் திருகுகள் தளர்ந்து தட்டு முன்பக்கம் தொங்கிவிடும். இன்னும் நல்ல இடம் சர்வீஸ் ஏரியா. அங்கே சுவரோரமாக ஒன்றரை அடி உயரத்தில், 18 அங்குலச் சதுரத்தில் ஒரு கடப்பா கல் திண்டு கட்டி, பக்கத்தில் ஒரு 6 ஆம்பியர் பாயிண்ட் கொடுத்துவிட்டால், மாவு அள்ளிய பிறகு கல்லை அங்கேயே கழுவி ஊற்றிவிடலாம். மாவுத் தண்ணீர் தெறித்தாலும் கவலை இல்லை, பக்கத்திலேயே தரை வடிகால் இருக்கிறது.

20 லிட்டர் கேனை மேடைக்குத் தூக்கி வைப்பது இடுப்புக்கும் கெடுதல். குழாய் வைத்த தரை ஸ்டாண்டில் வையுங்கள், அல்லது கேனைத் தரையில் நிறுத்தி மேலே பம்ப் மாட்டுங்கள். ஆர்.ஓ. கருவி இருந்தால் சிங்க்குக்குப் பக்கச் சுவரில், அடியில் ஒரு குடம் நிற்கும் உயரம் விட்டு மாட்டுங்கள். சொட்டும் தண்ணீர் சிங்க்கில் விழ வேண்டும், மேடையில் விழக்கூடாது.

பாத்திரக் கூடை அதைவிடப் பெரிய எதிரி. ஒன்றரை அடியைப் பிடிப்பதோடு நிற்காது, அதன் அடியிலிருந்து வழியும் தண்ணீர் இன்னும் அரை அடியை ஈரமாக்கிவிடும். சிங்க்குக்கு நேர் மேலே சுவரில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேக் அடித்தால் தண்ணீர் நேராகச் சிங்க்கிலேயே வடியும். வாங்கும்போது 304 கிரேடு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 202 கிரேடு பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும், ஆனால் திருவான்மியூர், பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கத்துக் கடல் காற்றில் வெல்டிங் செய்த முனைகளிலிருந்து துரு கிளம்பும்.

சிங்க்குக்கு மேலே ஜன்னல் என்றால் ரேக் மாட்ட முடியாது. அப்போது பெரிய பாத்திரம் தேய்ப்பதையே சர்வீஸ் ஏரியாவுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்துதான் தேய்க்கிறார்கள் என்றால், இடுப்பு உயரத்தில் அவர்களுக்கு ஒரு நல்ல ஆழமான சிங்க் போட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது. அதன்பின் சமையலறைக்குள் இருக்கும் சிங்க் காய் கழுவவும் அரிசி களையவும் மட்டும்தான். 24-க்கு 18 அங்குலத்துக்குப் பதில் 18-க்கு 16 போதும். மேடையில் இன்னும் அரை அடி கிடைத்துவிடும்.

எண்ணெய்த் தூக்கும் அஞ்சறைப் பெட்டியும் சுவருக்குப் போகட்டும். மேடைக்கு மேல் ஓர் அடி உயரத்தில், 5 அங்குல அகலத்துக்கு ஒரு கிரானைட் பட்டையோ ஸ்டீல் ரேக்கோ போதும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். சூட்டில் மசாலா மணம் போய்விடும், எட்டி எடுக்கையில் முந்தானை தீக்கு மேல் போகும்.

மிக்ஸிக்கு எல் மேடையின் மூலை. அந்த 2-க்கு 2 அடிச் சதுரத்தில் யாராலும் நின்று நறுக்க முடியாது, ஆனால் மிக்ஸியைச் சாய்கோணத்தில் திருப்பி வைத்தால் கச்சிதமாக உட்காரும். பிளக் பாயிண்ட்டை மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். வயர் மேடையைக் குறுக்கே கடந்து வந்தால் இடம் காலியாக இருந்தும் பயன்படுத்த மாட்டீர்கள்.

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ்: மூன்றின் இடம்

மேலே சொன்னதெல்லாம் உதிரி இடங்களைச் சேர்ப்பது. அவை ஒரே துண்டாக வருமா இல்லையா என்பது இந்த மூன்றையும் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நல்ல வரிசை: சிங்க், 3 அடி காலி இடம், அடுப்பு, அதற்கு அப்பால் சுவர் வரை ஓர் அடி. கடைசி ஓர் அடியை யாரும் மறக்கக்கூடாது. அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பெரிய வாணலியின் காது சுவரில் இடிக்கும், கரண்டித் தட்டு வைக்க இடம் இருக்காது, டைல்ஸ் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். வாஸ்து பார்க்கும் வீடுகளில் அடுப்பு தென்கிழக்கு அக்னி மூலையிலும் தண்ணீர் வடகிழக்கிலும் இருக்க வேண்டும், நெருப்பும் நீரும் அடுத்தடுத்து இருக்கக்கூடாது என்பார்கள். வேலை செய்ய வசதியான வரிசையும் அதையேதான் கேட்கிறது என்பதால் பெரியவர்களோடு இதில் சண்டை வர வாய்ப்பு குறைவு.

சிங்க்கை நகர்த்துவது பிளம்பர் சொல்வது போல அவ்வளவு சுலபம் இல்லை. கழிவுக் குழாய்க்கு 40-க்கு 1 என்ற அளவிலாவது சரிவு வேண்டும். 3 அடி நகர்த்தினால் குழாய் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கியாக வேண்டும், 6 அடி என்றால் இரண்டு அங்குலம். சுவரிலிருக்கும் வெளியேறு துளை ஏற்கெனவே தரைக்கு அருகில் இருந்தால் அந்தச் சரிவு கிடைக்காது. சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் குழாயில் தங்கி மாதத்துக்கு ஒருமுறை அடைக்கும். ஆகவே 3 அடிக்கு மேல் நகர்த்தச் சொன்னால், குழாய் எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரத்தில் வெளியேறும் என்று சுவரிலேயே கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுப்பை நகர்த்துவது சுலபம். ஒரே கட்டுப்பாடு கேஸ் ஹோஸ். அது ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சுவருக்குள்ளோ அலமாரிப் பலகைக்குப் பின்னாலோ கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடாது. கிரானைட்டில் துளை போட்டு ஹோஸை இறக்குகிறவர்கள் துளையின் கூரான விளிம்பில் ஒரு பி.வி.சி. வளையம் செருகுங்கள், இல்லையென்றால் ரப்பர் மெதுவாக அறுபடும். ஒன்றரை மீட்டருக்கு மேல் தூரம் போக வேண்டுமானால் கேஸ் ஏஜென்சி அனுப்பும் மெக்கானிக்கை வைத்துத் தாமிரக் குழாய் போடுவதுதான் முறை.

அடுப்பு வாங்கும்போதும் இடம் மிச்சம் பிடிக்கலாம். ஒரே நேரத்தில் எத்தனை பர்னர் எரிகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். இரண்டுக்கு மேல் போகாத வீட்டில் 2 அடி அகலத்துக்குள் அடங்கும் இரண்டு பர்னர் அடுப்பே போதும். கல்லை வெட்டிப் பதிக்கும் ஹாப் போட்டால் இடம் மிச்சம் என்பது தவறான எண்ணம். ஹாப் உயரத்தைத்தான் குறைக்கும், நீளத்தைக் குறைக்காது. கீழே இருக்கும் டிராயரின் மேல் பகுதியையும் எடுத்துக்கொள்ளும்.

ஃபிரிட்ஜைச் சமையலறைக்கு வெளியே, டைனிங் சுவரோரம் வைக்க முடியுமா என்று கட்டாயம் பாருங்கள். நம் உதாரணத்தில் இரண்டரை அடி மேடை ஒரே அடியாகச் சேர்ந்துவிடும். நாலு எட்டு கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். உள்பக்கம் திறக்கும் சமையலறைக் கதவைக் கழற்றிவிட்டாலும் ஒரு சுவர் மூலை விடுதலை ஆகும்.

அகலத்தில் 3 அங்குலம்

கட்டுநர்கள் கொடுக்கும் மேடை வழக்கமாக 24 அங்குல அகலம். மறுபடி கல் போடுவதாக இருந்தால் 27 அங்குலமாக்குங்கள். 8 அடி நீளத்தில் இது 2 சதுர அடி. எண் சிறியதாகத் தோன்றும், பலன் பெரிது: ஜாடிகள் வரிசையாகப் பின்னால் போய்விடும், முன்னால் முழுப் பலகையும் வைக்கலாம். கல் யார்டில் மேடைக்கென்று அறுத்து வைத்திருக்கும் துண்டுகள் பெரும்பாலும் 2 அடியை ஒட்டியே இருக்கும், அதனால் கல் தேர்வு செய்யும் முன்பே அகலத்தைச் சொல்லிவிடுங்கள்.

28 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 5 அடி உயரமுள்ளவர் பின் சுவரின் சுவிட்சையோ ஜன்னல் கொண்டியையோ எட்ட வயிற்றைக் கல்லில் அழுத்திச் சாய வேண்டிவரும், அதுவும் பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது.

நடக்கும் இடத்தையும் இங்கேயே அளந்துவிடுங்கள். ஒருவர் மட்டும் சமைத்தால் 36 அங்குலம், இருவர் ஒருவரை ஒருவர் கடக்க வேண்டுமானால் 42.

எதிர்ச்சுவரில் ஒல்லி மேடை

இடிக்காமல் மீட்டதும் போதாத வீடுகளில் இதுதான் சிறந்த வழி, ஆனால் பலருக்கும் இது தோன்றுவதில்லை. எதிர்ச்சுவரில் இன்னொரு 27 அங்குல மேடை போட 7 அடி அறையில் இடம் இல்லை. 84 அங்குலத்தில் இரண்டு பக்கமும் 27 போனால் மிச்சம் 30, திரும்பவே முடியாது. அதையே எதிரில் 15 அங்குலமாக வைத்தால் 84-ல் 27-ம் 15-ம் போக 42 அங்குலம் நடக்கக் கிடைக்கும். 15 அங்குல அகலத்தில் மிக்ஸி நிற்கும், ரைஸ் குக்கர் நிற்கும், சப்பாத்திக் கட்டை நிற்கும், நறுக்கவும் முடியும். கீழே அதே ஆழத்துக்கு அலமாரி போட்டால் ஒரு வரிசைக்கு ஒரு டப்பா என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

சர்வீஸ் ஏரியாவில் முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷின் இருந்தால் அதன் தலையும் ஒரு மேடைதான். மெஷின் உயரம் 85 சென்டிமீட்டர் என்றால் 88-ல், இரண்டு பக்கமும் தாங்கு கல் நிறுத்தி, மேலே கிரானைட் போடுங்கள். மெஷினைக் கல் தொடக்கூடாது, பக்கவாட்டிலும் ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். தொட்டால் சுழலும்போது கல்லும் சேர்ந்து அதிரும். மேலே திறக்கும் மெஷினுக்கு இந்த வழி இல்லை.

மடக்கு மேடை தீபாவளிக்கு முறுக்கு பிழிய, தேன்குழல் ஆற வைக்க மிகவும் உதவும். 18 மில்லிமீட்டர் கடல் தர பிளைவுட், 3 அடிக்கு 15 அங்குலம், கீழே இரண்டு மடக்கு பிராக்கெட். பலகையைவிடச் சுவர்தான் முக்கியம். செங்கல் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்கும். எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லிலோ உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக்கிலோ பிளாஸ்டிக் பிளக் அடித்தால் ஒரு நாள் பலகாரத் தட்டோடு கழன்று விழும். அந்தச் சுவர்களில் அதற்கென்று உள்ள நீள ஆங்கரோ, சுவரை ஊடுருவி மறுபுறம் தகடு வைத்து இறுக்கும் போல்ட்டோ வேண்டும். எந்தச் சுவரானாலும் மிக்ஸியை இதன்மேல் வைத்து ஓட்டாதீர்கள்.

டைனிங் பக்கச் சுவரை எடுக்கலாமா?

பாதி உயரத்துக்குச் சுவரை வெட்டி, அதன் தலையில் கல் பதித்துப் பரிமாறும் மேடை ஆக்குவது அழகாகத்தான் இருக்கும். ஒரு சுவர் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் தாங்குசுவரா என்பதை நாலரை அங்குலம், ஒன்பது அங்குலம் என்று கனத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் மரக்கட்டையும் செங்கலும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கூரையின் பாரம் சுவரில்தான் இறங்குகிறது. அலுமினிய அச்சில் (ஃபார்ம்வொர்க்) வார்த்த புதிய அடுக்குமாடிகளில் சுவரே கான்கிரீட், அதைக் காடி வெட்டுவதுகூடக் கம்பியில் போய் முட்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல், குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்புதல் வாங்காமல், ஒரு செங்கல்லையும் எடுக்காதீர்கள். இடம் எத்தனை குறைவானாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

கல்லும் அதைத் தாங்குவதும்

பழைய மேடைகளின் கீழே நாலரை அங்குலச் செங்கல் சுவர்கள் இருக்கும். பூச்சோடு ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம், பத்தடியில் நான்கு சுவர் என்றால் 22 அங்குலம் வீண். அவற்றை எடுத்துவிட்டு ஓர் அங்குலக் கடப்பா கல்லை நிறுத்தினால் ஏறக்குறைய ஒன்றரை அடி அலமாரி இடம் கீழே கிடைக்கும், மேடையிலிருந்து இறக்கும் சாமான்கள் அங்கே போகும். இரண்டு தாங்கலுக்கு நடுவே இரண்டரை அடிக்கு மேல் விட வேண்டாம்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் புகுந்த வீடுகளில் பிளைவுட் அலமாரிகள் ஊதிப் பிரிந்தன, கல் தடுப்புகள் கழுவியதும் பழையபடி ஆயின. அப்படிப்பட்ட தெருவில் கீழே கடப்பா கல் தடுப்பும் அலுமினியக் கதவும்தான் சரி. மாடியில் இருப்பவர்கள் பிளைவுட் போடலாம், ஆனால் கடல் தர பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். மரத்தூளையும் சில்லுகளையும் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் சிங்க்குக்கு அடியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

மேடைக்கல் 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். கறுப்பும் கரும்பழுப்பும் மஞ்சள் கறையை வெளிக்காட்டாது, ஆனால் போர் தண்ணீரின் உப்புப் படிவு அவற்றில்தான் பளிச்சென்று தெரியும். வெளிர் நிறக் கற்கள் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும், சீலர் பூசாமல் போடாதீர்கள். முன் ஓரம் அலமாரியைவிட ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும், அடியில் ஒரு சிறு காடியும் வேண்டும். காடி இல்லாவிட்டால் ஓரத்தில் வழியும் தண்ணீர் கல்லின் அடியோடு உள்ளே ஓடிக் கதவை நனைக்கும். 6 அங்குலத்துக்கு மேல் நீட்டினால் கீழே இரும்பு பிராக்கெட் அவசியம்.

கல் உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: சிங்க் துளையின் முன்னும் பின்னும் இருக்கும் குறுகிய பட்டையில். அந்தப் பட்டை 3 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. துளையின் மூலைகளை நேர்கோணமாக வெட்டாமல் வளைவாக வெட்ட வேண்டும், ஏனென்றால் விரிசல் நேர்கோணத்திலிருந்துதான் கிளம்பும். இரண்டு கல் சேரும் இணைப்பு சிங்க் மேல் வரவே கூடாது. இணைப்பை வெள்ளை சிமெண்டால் அடைக்காமல் கல்லின் நிறத்துக்கு எபாக்ஸி போடச் சொல்லுங்கள். விலையில் கல்லுக்குச் சதுர அடி, ஓர மோல்டிங்குக்கு ஓடும் அடி, துளைக்கு எண்ணிக்கை என்று மூன்றும் தனித்தனியாக வரும், எழுதி வாங்குங்கள்.

உயரத்தை அதிகம் சமைப்பவரின் முழங்கையை வைத்து முடிவு செய்யுங்கள். நேராக நின்று கையை மடக்கி, முழங்கையிலிருந்து 4 அங்குலம் கீழே. பெரும்பாலும் 32 முதல் 35 அங்குலத்துக்குள் வரும். அடுப்புக்கு மட்டும் மேடையை இறக்குவது சிலர் வழக்கம். நின்று கிளற அது வசதிதான், ஆனால் அந்தப் படி, சேர்த்துவைத்த 3 அடியை நடுவில் வெட்டிவிடும். இடம் குறைந்த சமையலறையில் ஒரே மட்டம்தான் நல்லது.

மின்சாரம், வெளிச்சம், கேஸ்

மேடைக்கு 8 அங்குலம் மேலே, 3 அடிக்கு ஒன்றாகப் பாயிண்ட்டுகள். சிங்க் குழாயிலிருந்து 2 அடியாவது தள்ளி, பர்னருக்கு நேர் மேலே இல்லாமல். இண்டக்ஷன் அடுப்புக்கும் ஓவனுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் லைன், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர். சமையலறை லைனில் மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். ஈரக்கையோடு பிளக் செருகும் இடம் இது. மேல் அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள், நிழல் விழும் மேடையில் யாரும் நறுக்க மாட்டார்கள். அந்த அலமாரியின் அடிப்பாகம் மேடையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேலே இருக்கட்டும், மிக்ஸி ஜாரின் மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சிலிண்டர் கதவுக்குள் நின்றால் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே மட்டும் துளை வைத்துப் பயனில்லை.

வேலை வரிசை

1. தரையிலும் சுவரிலும் சாக்பீஸால் புதிய மேடையை வரையுங்கள். ஒல்லி மேடை வரும் இடத்தில் அட்டைப்பெட்டிகளை அதே அகலத்துக்கு அடுக்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே சமைத்துப் பாருங்கள். இடுப்பில் இடித்தால் இப்போதே தெரிந்துவிடும்.

2. அளவு போட்ட ஒரே படத்தைக் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர் நால்வருக்கும் கொடுங்கள். வாயால் சொன்ன அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

3. உடைக்கும் முன் சிங்க் கழிவுத் துளையையும் தரை வடிகாலையும் துணி திணித்து மூடுங்கள். கட்டடக் கழிவு உள்ளே போனால் கீழ்வீட்டுக்காரர் குழாயும் சேர்ந்து அடைபடும். சேதமில்லாமல் பழைய கிரானைட்டை எடுப்பது கடினம், அதை மறுபடி போடலாம் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

4. காடி வெட்டிக் குழாய், வயர் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன் குழாயில் தண்ணீர் அடைத்து ஓர் இரவு விடுங்கள்.

5. தாங்கு கல், அதன்மேல் கடப்பா, மட்டம் பார்த்தல். இங்கே கான்கிரீட் வார்த்தால் 7 நாள் தண்ணீர் விட்டு ஆற வையுங்கள். அவசரப்படுத்தினால் பிறகு கிரானைட் இணைப்புதான் முதலில் விரியும்.

6. கிரானைட், சிங்க். அதன்பின் சுவர் டைல்ஸ், டைல்ஸின் அடி ஓரம் கல்லின்மேல் உட்கார வேண்டும். இரண்டும் சேரும் கோட்டில் சிலிக்கான்.

7. அலமாரிக் கதவுகளுக்கு அளவு கல் உட்கார்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. ஈரத்தில் பிளைவுட் ஒட்டுவது சரியாகப் பிடிக்காது.

டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது இங்கே வழக்கம். கிரானைட்டின் பளபளப்பும் ஸ்டீல் சிங்க்கும் அதில்தான் கெடுகின்றன, சிங்க்கில் புள்ளி புள்ளியாக விழும் துருவுக்குக் காரணம் அந்த ஒரு நாள்தான். சிங்க்கை பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டுங்கள், ஆசிட் பாட்டிலைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஒரு செம்புத் தண்ணீரை மேடையின் பல இடங்களில் ஊற்றுங்கள். சுவரோரம் தேங்கினால் மட்டம் தவறு. ஒரு நாணயத்தால் கல்லை நெடுகத் தட்டுங்கள். வெற்று ஓசை வரும் இடத்தில் அடியில் கலவை நிரம்பவில்லை, அங்கே அம்மியோ இடிகல்லோ வைத்து இடித்தால் கல் விரியும். சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த தாளால் தொட்டுப் பாருங்கள். தாள் நனைந்தால் பிளம்பர் வீட்டில் இருக்கும்போதே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.